பேப்பர் எத்தனை என்று கேட்டால்: நெல்லைப் பக்கம் ஆய்வுக்கு வரும் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அம்மா முக்கூடலில் பீடி சுற்றியவர். நாளுக்கு 1000 பீடி என்பது கணக்கு. சாயங்காலம் தட்டைத் தூக்கிக்கொண்டு பீடிக்கடைக்குப் போனால், கணக்குப் பார்ப்பவர் கட்டுகளைப் புரட்டிப் பார்த்துப் பிடிக்காததைக் கழித்துப் போடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது. ஏன் கழித்தீர்கள் என்று வாய் திறந்தால் மறுநாள் கொடுக்கிற இலை குறையும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் சேர்ந்த மூன்றாவது மாதம் துறைக் கூட்டம் நடந்தது. வரிசையாக ஒவ்வொருவரையும் பார்த்து "பேப்பர் எத்தனை?" என்று கேட்டார்கள், இதழில் வந்த ஆய்வுக் கட்டுரை எத்தனை என்று அர்த்தம். எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த மேடம், பிள்ளை பெற்று ஐந்து மாதம் ஆனவர், "ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். வருடத்துக்கு ஆளுக்கு மூன்று என்று முடிவாயிற்று. எனக்கு அந்தப் பீடிக்கடைத் திண்ணை ஞாபகம் வந்தது.

அபிஷேகப்பட்டியில், அதாவது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில், பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவர்கள், தென்காசியிலோ வள்ளியூரிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், இரண்டையும் ஒன்றாகச் சுமப்பவர்கள்: இவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேகமாகப் பேப்பர் போடுவது எப்படி என்று இதில் இருக்காது. அதற்கு யூடியூபில் ஆள் இருக்கிறது. எண்ணிக்கைக் கெடுபிடிக்கு எந்த இடத்தில் வளைந்துகொடுக்கலாம், எந்த இடத்தில் மாட்டேன் என்று சொல்லலாம், அதைத் தனியாகச் சொல்லி வேலையை இழக்காமல் எப்படிச் சேர்ந்து சொல்வது என்பதுதான் விஷயம். பெண்ணியம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிற துறையில் இருந்தாலும் இவற்றைச் செய்யலாம். பெயர் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

முதல் வேலை, விதியைக் காகிதத்தில் வாங்குவது

நம் ஊரில் ஆய்வு விதிகள் பெரும்பாலும் வாய்வழியாகவே பரவுகின்றன. "ரெண்டு ஸ்கோபஸ் இல்லாம தீசிஸ் வாங்க மாட்டாங்களாம்" என்று, ஸ்கோபஸ் என்ற சர்வதேசத் தரவுத்தளத்தில் இடம்பெற்ற இதழ்க் கட்டுரைகளைப் பற்றி, கேண்டீனில் ஒருவர் சொல்வார். அந்த "ஆம்" இருக்கிறதே, அதை நம்பி நகையை அடகு வைத்துக் கட்டுரை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

உள்ள நிலவரம் இதுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிப்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது இதழில் வந்திருக்க வேண்டும், கருத்தரங்கில் இரண்டு கட்டுரை வாசித்திருக்க வேண்டும். 2022 நவம்பரில் வந்த புதிய விதி இந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் ஒரு பல்கலைக்கழகம் தன் சொந்த விதியில் அதை வைத்துக்கொள்ளத் தடை இல்லை. ஆகவே நீங்கள் பதிவு செய்த தேதிக்கு எந்த விதி பொருந்தும், உங்கள் பல்கலைக்கழகம் கூடுதலாக என்ன கேட்கிறது, அது எந்தத் தேதியிட்ட ஆணை என்ற மூன்றையும் ஆய்வுப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். உங்கள் பெயரில் போடத் தயக்கமாக இருந்தால் வெளியில் இருக்கும் தோழி ஒருவர் போடட்டும். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே.

வேலையில் இருப்பவர்களுக்கு அதே மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதி. அதில் இணைப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்குக் குறைந்தது 7 கட்டுரை, பேராசிரியருக்கு 10 என்று இருக்கிறது. எங்கள் துறைக் கூட்டத்தில் சொன்ன "வருஷத்துக்கு ஆளுக்கு மூணு" எந்த விதியிலும் இல்லை. அது கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடும் நாக் குழு வரும்போது காட்டுவதற்கும், தரவரிசைப் படிவத்தை நிரப்புவதற்கும் நிர்வாகம் தானாகப் போட்டுக்கொண்ட கணக்கு. மரியாதையாக, "சார், சர்க்குலராத் தந்தா ஃபைல்ல வச்சுக்கிடுவேன்" என்று கேளுங்கள். நாங்கள் கேட்ட வருடம் சர்க்குலர் வரவே இல்லை. எழுத்தில் கொடுத்தால் பேப்பர் எழுத நேரமும் கொடுக்க வேண்டுமே.

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டு

அடுத்தது நேரக் கணக்கு. 2024ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடமும் அதே வேலை செய்யும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. இடைவெளி 201 நிமிடம், மூன்றேகால் மணி நேரத்துக்கும் மேல். பேப்பர் எத்தனை என்று கேட்கிறவர் இந்த 201 நிமிடத்தைக் கழித்துவிட்டா கேட்கிறார்?

வீட்டுக் கணக்கு பழைய கதை, எல்லோரும் பேசுகிறார்கள். நான் எழுதிவைக்கச் சொல்வது கல்லூரிக்குள் நடப்பதை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, இரண்டு வாரம், வகுப்பு தவிர நீங்கள் செய்த எல்லா வேலையையும் மணிக்கணக்கோடு எழுதுங்கள். விழாவுக்குக் கோலம் போட்டது, வாசலில் நின்று பன்னீர் தெளித்தது, குத்துவிளக்குக்குத் திரி போட்டது, மாணவிகள் அழுதுகொண்டு வந்தால் உட்கார்ந்து பேசியது, ஹாஸ்டல் டியூட்டி, பெண்கள் மன்றம், "மேடம் எழுத்து நல்லாருக்கும்" என்று தலையில் கட்டிய மினிட்ஸ் என்ற கூட்டக் குறிப்பு. கூடவே, அதே வேலைக்கு ஆண் ஆசிரியர் யாராவது அழைக்கப்பட்டாரா என்று ஒரு டிக். அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்துக் கூட்டிப் பாருங்கள். எங்கள் துறையில் நான்கு பெண்கள் இதைச் செய்தோம். ஆளுக்கு வாரம் ஏழு மணி நேரத்திலிருந்து பதினொரு மணி நேரம் வரை வந்தது. அதைத் துறைத் தலைவரிடம் புகாராகக் கொண்டுபோகவில்லை. வருடக் கடைசியில் நிரப்பும் சுயமதிப்பீட்டுப் படிவத்தில் "இதர பணிகள்" என்ற கட்டத்தில் மணிக்கணக்கோடு எழுதிக் கொடுத்தோம், நான்கு பேரும் ஒரே நாளில். அடுத்த வருடம் வரவேற்பு வேலைக்கு முறை வைத்தார்கள். பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்ற எங்கள் இயற்பியல் சாரைப் பார்க்க மாணவர்கள் கூட்டம் கூடிவிட்டது. பாவம், அவர் நன்றாகத்தான் தெளித்தார்.

இதழைச் சோதிப்பது

கெடுபிடி எங்கே இருக்கிறதோ அங்கே வியாபாரி வந்துவிடுவான். "மூன்று நாளில் பப்ளிகேஷன், 1500 ரூபாய், சான்றிதழ் இலவசம்" என்று வாட்ஸாப்பில் வருகிறதே, அதைத்தான் சொல்கிறேன். நானும் ஒருமுறை விழுந்தேன். என் கட்டுரை வந்த அதே இதழில் கோழித் தீவனம், சங்க இலக்கியம், வங்கிக் கடன் மூன்றும் அடுத்தடுத்த பக்கத்தில் இருந்தன. என் பெயரிலேயே எழுத்துப்பிழை. அந்தக் கட்டுரையை இன்றுவரை என் தன்விவரத்தில் சேர்த்ததில்லை.

முன்பு ஒரு பட்டியல் இருந்தது. மானியக் குழு 2017இல் அங்கீகரித்த இதழ்கள் என்று ஒன்றை வெளியிட்டது. 2018 மே மாதம் அதிலிருந்து 4305 இதழ்களை நீக்கியது. அப்புறம் 2019இல், ஏற்கத்தக்க இதழ்களின் புதிய தொகுப்பாகக் கேர் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, இதழைத் தேர்ந்தெடுக்கச் சில அளவுகோல்களை மட்டும் சொல்லிவிட்டது. ஆக, "கேர் லிஸ்டட்" என்று இன்றைக்கும் விளம்பரம் செய்கிற இதழைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

நீங்களே சோதிக்க அரை மணி நேரம் போதும். ஐ.எஸ்.எஸ்.என். என்ற இதழின் அடையாள எண்ணை அதற்கான சர்வதேசத் தளத்தில் போட்டுப் பாருங்கள், இதழின் பெயரும் பதிப்பாளரும் ஒத்துப்போகின்றனவா என்று தெரியும். எண் இருப்பது தரத்துக்குச் சான்று கிடையாது, அது வண்டி நம்பர் மாதிரி. ஸ்கோபஸ் என்று சொன்னால் ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலை இலவசமாகத் தேடலாம், நிறுத்தப்பட்ட இதழா என்பதையும் அதிலேயே பார்க்கலாம். "இம்பாக்ட் ஃபாக்டர் 7.8" என்று முகப்பில் மின்னினால், ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் ஆகின்றன என்று காட்டும் அந்த எண்ணை முறையாக வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம் ஒன்றுதான் என்பதை நினைவில் வையுங்கள். மற்றதெல்லாம் கடையில் அடித்த முத்திரை. ஆசிரியர் குழுவில் இருக்கும் ஒருவருக்கு மெயில் போட்டு, இந்த இதழில் நீங்கள் இருக்கிறீர்களா என்று கேளுங்கள். எனக்கு ஒருமுறை வந்த பதில்: "இப்படி ஓர் இதழை நான் கேள்விப்பட்டதே இல்லை."

பிரபல இதழின் பெயரையும் முகப்பையும் அப்படியே நகல் எடுத்த போலித் தளங்களும் உண்டு. கட்டுரை அனுப்பும் இணைப்பு உங்களுக்கு வாட்ஸாப்பில் வந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். நீங்களே தேடிப் போய்ச் சேருங்கள்.

எழுதித் தருகிறோம் என்று வருகிறவர்கள் பற்றி ஒரு வார்த்தை. 2018ஆம் ஆண்டு கருத்துத்திருட்டு விதிப்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை குற்றமில்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓர் ஆண்டு சமர்ப்பிக்க முடியாது. 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. எழுதிக் கொடுத்தவர் பெயர் எங்கேயும் வராது. தண்டனை முழுக்க உங்களுக்கு.

பெயர் யாருடையது

இதுதான் கஷ்டமான இடம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

உங்கள் கட்டுரையில் கைடு, அதாவது ஆய்வு நெறியாளர், பெயர் வருவது வழக்கம். படித்து, திருத்தி, வாதாடி, கூடவே உழைத்த கைடு என்றால் வரத்தான் வேண்டும். ஆனால் கட்டுரையைத் திறந்தே பார்க்காத கைடு, அவருடைய நண்பர், துறைத் தலைவர், சில சமயம் கைடின் மனைவி என்று பெயர் வரிசை நீளும். முதல் பெயரே உங்களுடையதாக இருக்காது. இது ஆண் ஆய்வாளர்களுக்கும் நடக்கிறது. பெண்களிடம் கூடுதலாக நடக்கக் காரணம், "அவங்க எங்க கேக்கப் போறாங்க" என்ற தைரியம்.

அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பேசுவது கொஞ்சம் எளிது. 2022 விதிப்படி உதவிப் பேராசிரியர் கைடு ஆக 3 கட்டுரை, இணைப் பேராசிரியரும் பேராசிரியரும் கைடு ஆக 5 கட்டுரை வேண்டும். 2018 விதியின் பதவி உயர்வு மதிப்பெண் பட்டியலிலோ, இரண்டு பேர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். இரண்டுக்கு மேல் போனால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. கூட்டிப் பாருங்கள், நூறைத் தாண்டிவிடும். பெயர் சேர்ப்பதற்கு அந்தப் பட்டியலே பரிசு கொடுக்கிறது. கைடும் அதே தட்டில் கட்டு எண்ணிக்கொண்டிருப்பவர்தான். அவர் மேல் எனக்கு இரக்கம் உண்டு. என் பெயரைக் கொடுக்கும் அளவுக்கு இல்லை.

செய்ய வேண்டியது: கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே பெயர்ப் பேச்சை முடிப்பது. முடிந்த பிறகு பேசினால் சண்டை. தொடங்கும் முன் பேசினால் ஏற்பாடு. நான் என் ஸ்காலர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வாக்கியம் இது: "சார், இதுல யார் யார் பேரு, எந்த வரிசையில வரணும்னு இப்பவே பேசிக்கிடலாமா? நான் ஒரு மெயில் போட்டுருதேன்." அந்த மெயில்தான் முக்கியம். தேதியோடு, யார் எந்த வேலை செய்கிறார்கள் என்று நான்கு வரி. அவர் பதில் போடாவிட்டாலும் உங்கள் கையில் சான்று இருக்கும்.

அளவுகோல் கேட்டால் சொல்ல ஒன்று இருக்கிறது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வைத்திருக்கும் நான்கு நிபந்தனைகள் எல்லாத் துறைக்கும் பொருந்துகிற மாதிரிதான் இருக்கின்றன: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பு. நான்கும் வேண்டும். பொதுவான மேற்பார்வை மட்டும் செய்தவருக்கு நன்றி சொன்னால் போதும், கட்டுரையாசிரியர் பட்டியலில் இடமில்லை என்று அதே குழு சொல்கிறது. யார் என்ன செய்தார் என்று 14 வகையாகப் பிரித்துக் காட்டும் முறையும் உண்டு, கிரெடிட் என்று பெயர். பல பெரிய இதழ்கள் இதைக் கேட்கின்றன. "சார், இதழ்லயே கேக்காங்க" என்று இதழின் மேல் பழியைப் போட்டு அந்தப் படிவத்தை நீட்டுவது எனக்குப் பிடித்த வழி. நேருக்கு நேர் முட்டுவதைவிட இது பலித்திருக்கிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழு முன் நிற்கிறீர்கள் அல்லவா? அதில் "இந்தக் கட்டுரை என்னுடைய மூன்றாம் இயலிலிருந்து எழுதியது" என்று சொல்லி மினிட்ஸில் ஏற்றிவிடுங்கள். பின்னால் தகராறு வந்தால் அந்த ஒரு வரி பேசும்.

பேப்பர் சம்பந்தமாக என்று தனியே வரச் சொல்வது, இரவு போன் செய்வது, கையெழுத்தை நிறுத்திவைத்துப் பேரம் பேசுவது என்று போனால் அது பதிப்புத் தகராறு இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் நிறுவனத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். ஆய்வு மாணவிகளையும் அது காக்கும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் எழுத்தில் போக வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். செய்திகளை அழிக்காதீர்கள். முதலில் ஒரு தோழியிடம் சொல்லுங்கள், அவர் தேதியைக் குறித்து வைக்கட்டும்.

சந்தை நாள் கூட்டம்

மேலே சொன்ன எதையும் தனி ஆளாகச் செய்யாதீர்கள் என்பதே என் முக்கியமான ஆலோசனை. சுயநிதிப் பிரிவில் இருப்பவருக்கு வேலை உத்தரவாதம் கிடையாது. ஒருத்தி கேட்டால் திமிர், நான்கு பேர் கேட்டால் கோரிக்கை.

எங்கள் கூட்டம் மகாராஜநகரில் ஒரு தோழி வீட்டில் தொடங்கியது, உழவர் சந்தைக்குக் காய் வாங்கப் போகிற நேரத்தில். ஆய்வுக் கூட்டத்துக்குப் போகிறேன் என்றால் வீட்டில் ஆயிரம் கேள்வி வரும், காய் வாங்கப் போகிறேன் என்றால் பையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலை ஏழு முதல் எட்டரை வரை. ஐந்து பேர், நான்கு கல்லூரி, மூன்று துறை. ஒரே துறையிலேயே எல்லோரும் இருந்தால் போட்டி வந்துவிடும், ஒரே கல்லூரி என்றால் செய்தி மேலே போய்விடும். கலந்து வையுங்கள்.

என்ன செய்வோம்? ஒருவர் எழுதியதில் நான்கு பக்கம், முந்தின ராத்திரி அனுப்பியது. மற்றவர்கள் படித்துவிட்டு வந்து சொல்வார்கள். பாராட்டு ஒரு நிமிடம், புரியாத இடம் எது என்பது மிச்ச நேரம். எத்தனை பேப்பர் ஆயிற்று என்று கேட்கக் கூடாது என்பது ஒரே விதி. குழந்தையைக் கூட்டிவரலாம். நிராகரிப்புக் கடிதம் வந்தவர் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். முதல் தடவை அழுகை வந்தது, மூன்றாம் தடவை சிரிப்பு வந்தது. டீ போடுவது முறைவைத்து. அந்த வீட்டுத் தோழியே எல்லா நாளும் போட்டால் நாம் எதை எதிர்க்கிறோமோ அதையே அடுப்படியில் செய்கிறோம் என்று அர்த்தம்.

மெதுவாக ஆய்வு செய்வதைச் சோம்பல் என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். 2015இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலை பார்த்த 11 பெண் புவியியலாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். எண்ணி எண்ணி அளக்கும் பல்கலைக்கழகத்தில் வேகத்தைக் குறைப்பதைப் பெண்ணியக் கூட்டுச் செயலாகப் பார்க்கிறது அது. கட்டணமில்லாமல் யாரும் படிக்கக்கூடிய இதழில் வந்தது. நம் ஊர் மதிப்பெண் பட்டியலில் போட்டுப் பார்த்தேன். சமூக அறிவியலில் ஒரு கட்டுரைக்கு அடிப்படை 10 புள்ளி. முதல் பெயருக்கு 7, மீதிப் பத்துப் பேருக்கு ஆளுக்கு 3. பதினொரு பேர் யோசித்து, அடித்து, திருத்தி எழுதியதில் பத்துப் பேருக்கு ஆளுக்கு மூன்று புள்ளி! எங்கள் கூட்டத்தில் அன்று இதைச் சொன்னபோது ஒரு தோழி, "அப்ப நம்ம ஐஞ்சு பேரும் தனித்தனியாக் குப்பை எழுதுனா கூடக் கிடைக்குமேக்கா" என்றார். அதேதான்.

பேராசிரியர் பொறுப்புக்கு வந்தவர்கள் செய்யக்கூடிய ஒன்று: ஆய்வாளரை இதழின் இம்பாக்ட் ஃபாக்டரை வைத்து மதிப்பிடக் கூடாது, எழுதியதைப் படித்து மதிப்பிட வேண்டும் என்று 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனம் சொல்கிறது. நிறுவனமும் கையெழுத்திடலாம், தனி ஆளும் இடலாம். தேர்வுக் குழுவில் உட்கார்ந்தால் அதை நினைவுபடுத்தலாம்.

மாட்டேன் என்று சொல்ல

கும்பிட்டபடியே மறுக்கலாம். பழகிக்கொள்ள மூன்று வாக்கியம் தருகிறேன்.

"இந்த செமஸ்டர் ஒண்ணுதான் சார் முடியும், அதை நல்லபடியா முடிச்சுத் தாரேன்."

"கருத்தரங்கு மலர்லயா? பணம் கட்டிப் போடுறதில்லன்னு வச்சிருக்கேன் மேடம்." கூட்டத்தில் ஐந்து பேரும் அதையே சொன்னால் அது கொள்கை ஆகிவிடும்.

"என் பேரை அதுல சேக்க வேண்டாம், நான் அந்த வேலையில இல்ல." இது தலைகீழ் மறுப்பு. இலவசமாக வரும் பெயரை வேண்டாம் என்பது. இதைச் சொன்னால்தான் உங்கள் பெயரை மற்றவர் எடுக்கும்போது பேச வாய் இருக்கும்.

எல்லாவற்றையும் மறுக்க முடியாது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கத் தேவையான ஒன்றிரண்டை எழுதித்தான் ஆக வேண்டும், எழுதுங்கள். நல்ல இதழ் பதில் சொல்ல ஆறு மாதமோ ஒரு வருடமோ எடுக்கும். அதைக் கணக்கில் வைத்து, ஆய்வேடு முடியும் தறுவாயில் பதறாமல், இரண்டாம் ஆண்டிலேயே ஒன்றை அனுப்பிவிடுங்கள். அவசரம்தான் வியாபாரியிடம் கொண்டுபோய் விடுகிறது.

காலமும் விடுப்பும்

சுருக்கமாகச் சொல்கிறேன், 2022 விதி. பிஎச்.டி. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்து 2 ஆண்டு கூடுதல். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் 2 ஆண்டு, மொத்தம் 10ஐத் தாண்டக் கூடாது. மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு மொத்தக் காலத்தில் 240 நாள் வரை. கல்யாணமாகி வேறு ஊர் போனால் ஆய்வுத் தரவுகளோடு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம், அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. இதை உங்கள் மாமியாரிடமும் கைடிடமும் ஒரே நாளில் வாசித்துக் காட்டுங்கள். இருவரும் "இனிமே எங்க முடிக்கப் போறா" என்று பேசிக்கொண்டிருப்பது நிற்கும்.

எதை எழுதுவது, யாருக்கு

எண்ணிக்கையை எதிர்த்தால் மட்டும் போதாது, எழுத ஏதாவது இருக்க வேண்டும். நம்மைச் சுற்றி இருக்கிறது: மேலப்பாளையத்திலும் ஆலங்குளத்திலும் பீடி சுற்றும் பெண்கள், பத்தமடையில் கோரை நெய்யும் கைகள், கல்லூரிக்குள் முதன்முதலாகக் கால் வைக்கும் பிள்ளைகள். சாரா டக்கர் கல்லூரி 1895இல் தொடங்கிய ஊர் இது. இங்கே படித்த பெண்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் எத்தனை வீட்டுப் பரணில் இருக்கின்றனவோ. மேற்கோள் காட்டும்போது பெண்கள் எழுதியதைத் தேடிச் சேருங்கள். ஒவ்வொரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலிலும் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இந்த ஒரு எண்ணிக்கை மட்டும் எனக்குப் பிடிக்கும்.

தமிழில் எழுதினால் மதிப்பில்லை என்பார்கள். அதே 2018 பட்டியலில் மொழிபெயர்ப்புக்கும் புள்ளி உண்டு, கட்டுரைக்கு 3, நூலுக்கு 8. ஆங்கிலத்தில் ஒன்று வந்தால் அதன் தமிழ் வடிவத்தையும் எழுதி, தரவு கொடுத்தவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நான் கொண்டுபோனேன். பீடித் தொழிலாளிகள் பற்றிய என் கட்டுரை வெளிவர இரண்டரை ஆண்டு ஆயிற்று. தமிழ் வடிவத்தை முக்கூடலில் அம்மா வீட்டுத் திண்ணையில் வைத்து வாசித்தேன். அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காமார் ஆறு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டே கேட்டார்கள். கை நிற்கவில்லை. நான்காம் பத்தியில் அம்மா நிறுத்தச் சொன்னார். இலையை நனைத்து வைக்கும் நேரத்தை நான் வேலை நேரத்தில் சேர்க்கவில்லை. "ராத்திரி நனைச்சு வச்சாத்தான காலையில வெட்ட முடியும், அதுவும் வேலைதான ஏட்டி?" என்றார். நான்காம் பத்தியை ஏழு பேரும் சேர்ந்து கழித்துப் போட்டார்கள். ஏன் என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து சொன்னார்கள்.